காய்ச்சல் நாளுக்கும் பேர் போட வேண்டும்: தொற்றுக்கால விடுமுறையும் வேலைப் பாதுகாப்பும் பற்றிய நிலைப்பாடு

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. கொழும்பில் அலுவலகங்கள் பூட்டிக்கிடந்தன. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலோ பெருந்தோட்டத்துக்குக் கிடைத்த விலக்கின் பேரில் கொழுந்து பறிப்பும் இறப்பர் பால் வெட்டும் நடந்தன. அடுப்பு எரிய அது உதவியது என்பதை இந்த நிலைப்பாட்டை முன்வைக்கும் அமைப்பு மறுக்கவில்லை. கேள்வி வேறு. வெளியே வரக் கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போன லயத்துக் குடும்பத்துக்கு அந்த 14 நாட்களுக்கும் யார் பேர் போட்டார்கள்?

தோட்டத்தில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. 2021 மார்ச்சில் சம்பளச் சபை நிர்ணயித்த நாட்சம்பளம் 1,000 ரூபாய். இரண்டு வாரத்தில் 12 வேலை நாட்கள் என்று வைத்தால் ஒருவருக்கு 12,000 ரூபாய் போகும். புருஷனும் பெண்சாதியும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தால் 24,000. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு அரசு கொடுத்ததோ 10,000 ரூபாய்ப் பெறுமதியான உலர் உணவு. அரிசியும் பருப்பும் வந்தன. கடைக்கடனும் அடகுச்சீட்டும் அப்படியே இருந்தன.

அமைப்பின் நிலைப்பாட்டில் மூன்று கூறுகள் உண்டு. சுகாதார அதிகாரி எழுத்தில் வேலைக்குப் போக வேண்டாமென்று சொல்லும் ஒவ்வொரு நாளும் செக்ரோல் எனும் வரவுப் பதிவேட்டில் முழுப் பேராகப் பதியப்பட வேண்டும். அந்த நாட்களை வருடாந்த விடுமுறையில் கழிக்கக் கூடாது. அவற்றைக் காட்டி எவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.

சட்டம் இங்கே விசித்திரமாகப் பிளவுபட்டிருக்கிறது. இரத்தினபுரி நகரத்தில் புடவைக்கடையில் நிற்கும் ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடாந்த விடுமுறை 14 நாட்களோடு, சுகவீனம் போன்ற காரணங்களுக்கென 7 நாட்கள் தனியாக உண்டு. அந்தக் கடைக்குத் தீபாவளிச் சேலை வாங்க வரும் காவத்தைத் தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த ஏழு நாட்கள் இல்லை. அவர் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவர். ஆட்களை ஒதுக்கி வைக்கும் அதிகாரத்தைத் தரும் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமோ 1897ஆம் ஆண்டுக்குரியது. அடைத்து வைக்க அதில் வழியிருக்கிறது, அடைபட்டவரின் கூலிக்கு ஒரு வரியும் இல்லை.

2020 மே மாதம் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் கூடி, வேலையின்றி வீட்டில் இருக்கும் தனியார் துறை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இரண்டில் எது கூடவோ அதைக் கொடுப்பதென உடன்பட்டன. நல்ல முயற்சிதான். ஆனால் வேலைத்தளம் முடங்கிப்போன நிலைமையை வைத்தே அது யோசிக்கப்பட்டது. தோட்டம் திறந்திருக்க, தொழிலாளி மட்டும் லயத்துக்குள் அடைபட்டிருப்பது வேறு விஷயம். அதே ஆண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொடங்கிய தொற்று பரவி, மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டத்து எஹலியகொடையும் முடக்கப்பட்டபோது, ஊரே அடைபட்டால் கூலி என்னாகும் என்ற கேள்வி சப்ரகமுவ வாசலுக்கே வந்து நின்றது.

கொரோனா போய்விட்டதே என்று கேட்பவர்கள் இரத்தினபுரி மழையை அறியாதவர்கள். எலிக்காய்ச்சல் நாட்டில் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரி வழக்கமாக முன்வரிசையில் நிற்கிறது. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. காய்ச்சலோடு மலையேறும் தொழிலாளியைக் கவனக்குறைவானவர் என்று சொல்வது எளிது. அவரை மலைக்கு அனுப்புவது சம்பள முறைதான். 2013ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தத்தில் 75 சதவீத வரவு இருந்தால்தான் நாளுக்கு 140 ரூபாய் ஊக்குவிப்பு. 2026 வரவுசெலவுத் திட்டமும் 1,550 ரூபாய்ச் சம்பளத்தோடு அரசின் பங்காக 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவை முன்வைத்தது. சம்பளம் கூடுவதை அமைப்பு வரவேற்கிறது. நோயால் தடுக்கப்பட்ட நாளும் வரவாகவே எண்ணப்படும் என்ற ஒரு வாசகம் அதோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்த 200 ரூபாயே காய்ச்சல்காரரைக் காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு இழுத்துவரும்.

கம்பனிகள் செலவைச் சொல்லும். அதில் நியாயம் இல்லாமலில்லை. தேயிலை விலையைத் தோட்டத்துரை தீர்மானிப்பதில்லை. ஜெர்மனியில் தொற்றுத் தடுப்புச் சட்டப்படி ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கு முதலாளி ஆறு வாரம் வரை கூலி கொடுத்துவிட்டு அரசிடமிருந்து திரும்பப் பெறலாம். அடைத்து வைக்கும் கட்டளை அரசினுடையது என்பதால் செலவும் அரசிடம் போவதே முறை. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்பின் இங்கிருந்து போன உறவுகள் கொழுந்தெடுத்த நீலகிரியில், மருத்துவர் சான்றளித்த நோய்க்கு முதலாளி உதவிப்பணம் தரவேண்டுமென இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்திருந்தது.

வேலைப் பாதுகாப்புக்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேருக்குக் குறையாத வேலைத்தளத்தில், 180 நாட்கள் வேலையில் இருந்தவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி, அவரது சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. தனிமைப்படுத்தப்பட்ட நாட்களும் அந்த 180இல் சேரும் என்று எழுத்தில் வர வேண்டும். பிள்ளைக்காம்பரா எனும் குழந்தைகள் காப்பகம் மூடப்பட்டதால் வீட்டில் நின்ற தாய்க்கும் அது பொருந்த வேண்டும்.

இத்தனையும் கிடைத்தாலும் ஒரு கூட்டம் வெளியேதான் நிற்கும். யட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானைப் பக்கங்களில் கிராமத்துச் சிறு தோட்டங்களுக்குக் கைக்காசுக்குப் போகிறவர்களுக்குச் செக்ரோலும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. ஐந்து பேரை வைத்து வேலை வாங்கும் சிறு தோட்டக்காரரிடம் இரண்டு வாரக் கூலியைக் கேட்பதும் நடக்கிற காரியமல்ல. இவர்களுக்குச் சுகாதார அதிகாரியின் கடிதத்தை வைத்துப் பிரதேச செயலகமே நாட்சம்பளத்துக்கு ஈடான பணத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்று அமைப்பு கேட்கிறது. உலர் உணவுப் பொதியை அதற்கு ஈடாக அது ஏற்காது.