லெமான் ஏரிக்கரையில் ஒரு பகல்

பரீட்சைகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக நேயர்களுக்கு வாக்களித்திருந்தோம். பரீட்சைகள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. ஆகையால் அவற்றைச் சற்றே ஒத்தி வைத்துவிட்டு, இந்தக் கோடை விடுமுறையில் நாமும் நம் இல்லத்தரசியும் ஸ்விட்ஜர்லாந்தில் கழித்த ஒரு பகலைப் பற்றிச் சொல்லுகிறோம். உபாத்தியாயர் சம்பளத்தில் ஸ்விட்ஜர்லாந்தா என்று யாரும் மூக்கில் விரலை வைக்க வேண்டாம். மைத்துனன் ஜினீவாவில் உத்தியோகம் பார்க்கிறான். பிரயாணச் செலவு அவன் உபயம். சாப்பாடும் அவன் உபயம். ஊர் சுற்றிக் காட்டத்தான் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "அக்காவும் நீங்களுமாக ஒரு நாள் மோந்த்ரூவுக்குப் போய் வாருங்கள், அத்தான்" என்று சொல்லி, ரயில் டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான்.

ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். வலப்பக்கத்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் லெமான் ஏரி கூடவே வருகிறது. ஆங்கிலேயர் இதைத்தான் ஜினீவா ஏரி என்று சொல்லுகிறார்கள். நீளம் 70 கிலோமீட்டருக்கு மேல். ஆழம் மிகுந்த இடத்தில் 310 மீட்டர். லோஸான் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, "கமலா நேரு காலமானது இந்த ஊரில்தானே?" என்று நம் இல்லாள் கேட்டாள். ஆம், 1936 பிப்ரவரி 28-ந் தேதி. அதற்கப்புறம் சற்று நேரம் இருவரும் பேசவில்லை. லோஸானைத் தாண்டியதும் மலைச்சரிவு முழுவதும் கல்லை அடுக்கி, படிப்படியாகத் திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். எண்ணூறு தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன் மடத்துத் துறவிகள் தொடங்கிய வேலையாம் அது. அடுத்து வெவே. சார்லி சாப்ளின் 1953 முதல் 1977-ல் இறக்கும் வரை வசித்த வீடு அந்த ஊருக்கு மேலேதான் இருக்கிறது. இறங்க நேரமில்லை.

மோந்த்ரூவில் ஏரிக்கரை நெடுகப் பூக்கள். பனிமலைக்கு எதிரே ஈச்ச மரங்கள்! கரையோரத்தில் ஒரு வெண்கலச் சிலை கையை உயர்த்தி நிற்கிறது. அதைச் சுற்றி ஓயாத கூட்டம். ஃப்ரெடி மெர்க்குரி என்ற பாடகரின் சிலை அது, 1996-ல் நிறுவியது. அவர் இயற்பெயர் ஃபரூக் புல்ஸாரா. ஸான்ஸிபாரில் பிறந்த பார்ஸிப் பிள்ளை. நம் பஞ்சகனியில் போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்தப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களை நினைத்து நாம் ஒரு நிமிஷம் பெருமைப்பட்டோம். நம் வகுப்பில் மேஜையைத் தட்டித் தாளம் போடுகிற பையன்களை இனிமேல் சற்று யோசித்தே வெளியே அனுப்ப வேண்டும்.

இங்கேதான் எங்களுக்குள் தர்க்கம் ஆரம்பித்தது. கரையோரமாக முக்கால் மணி நேரம் நடந்தால் ஷில்லான் கோட்டை. அதற்கு அப்பால் அரை மணி நடந்தால் வில்நேவ் என்ற சிற்றூர். கோட்டையைப் பார்த்துவிட்டுக் கப்பலில் திரும்பலாம் என்பது நம் கட்சி. வில்நேவுக்குப் போயே தீர வேண்டும் என்பது அவள் கட்சி. முதலில் கோட்டை, பிறகு பார்த்துக்கொள்வோம் என்று சமாதானம் செய்துகொண்டோம். அவ்விதச் சமாதானங்களில் யார் ஜயிப்பார்கள் என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்.

ஷில்லானின் மேல் நமக்கு இருந்த மோகத்துக்குக் காரணம் ஆங்கிலக் கவி பைரன். 1816-ல் நண்பர் ஷெல்லியுடன் படகில் வந்து இக்கோட்டையைப் பார்த்த பைரன், இங்கே சிறையிருந்த போனிவார் என்பவரை வைத்து ஒரு காவியம் பாடினார். காலேஜில் அதைப் படித்தபோது கண்ணீர் விட்டோம். உபாத்தியாயரான பிறகு, இருபது வருஷமாக வகுப்புக்கு வகுப்பு அதைச் சொல்லிப் பிள்ளைகளையும் கண்ணீர் விடச் செய்திருக்கிறோம். தகப்பனார் தீக்கிரையாக, தம்பிமார் இருவர் எதிர்த் தூண்களில் சங்கிலியோடு சாக, தனியே மிஞ்சிய வீரர்!

கோட்டை தண்ணீரிலிருந்தே முளைத்ததுபோல் ஒரு பாறையின்மேல் நிற்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி. நடுவே இத்தாலிக்குப் போகும் குறுகிய பாதை. அதில் போகிற வருகிறவர்களிடம் ஸவாய் பிரபுக்கள் சுங்கம் வாங்குவதற்குத் தோதான இடம். கீழே இறங்கினால் நிலவறை. அறை என்றதும் இருட்டுக் குகை என்று நினைத்திருந்தோம். உயர்ந்த தூண்கள், வளைந்த கூரை, ஏரியில் பட்ட வெளிச்சம் சுவரில் அலையாட, கோயில் பிரகாரம் போல் அழகாகவே இருக்கிறது. தரை மட்டும் வெட்டாத பாறை. ஒரு தூணில் பைரனின் பெயர் செதுக்கியிருக்கிறது. அவரே செதுக்கியதாகச் சொல்லுகிறார்கள். அதற்குக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். நாம் வேறு யாராவது செதுக்கியிருந்தால் அபராதம் போட்டிருப்பார்கள்.

அங்கேதான் நம் கண்ணீருக்கு ஆபத்து வந்தது. போனிவார் ஜினீவாவின் சுதந்திரத்துக்காக ஸவாய் டியூக்கை எதிர்த்தவர், 1530-ல் பிடிபட்டவர். இவ்வளவும் நிஜம். ஆனால் தம்பிமார் யாரும் அவருடன் இங்கே சாகவில்லை. முதல் இரண்டு வருஷம் மேல்மாடியில் ஓரளவு மரியாதையாகவே வைத்திருந்தார்கள். பிறகு நான்கு வருஷம் இந்த நிலவறை. 1536-ல் பெர்ன் நகரத்துப் படை வந்து கோட்டையைப் பிடித்து அவரை விடுவித்தது. அப்புறம் அவர் ஜினீவாவில் உபகாரச் சம்பளம் பெற்று, அந்நகரத்தின் சரித்திரத்தை எழுதி, மொத்தம் நான்கு முறை விவாகம் செய்துகொண்டு, 1570 வரை வாழ்ந்தார். காவியம் எழுதியபோது தமக்கு இந்தச் சரித்திரம் சரியாகத் தெரியாது என்று பைரனே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தக் குறிப்பு நம் பாடப் புஸ்தகத்தில் இல்லை. தேடிப் படித்திருக்க வேண்டியவர் நாம்.

இருபது வருஷத்துப் பிள்ளைகளின் முகங்கள் கண்முன் வந்தன. "இத்தனை நாளும் பொய்யைச் சரித்திரம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேனே!" என்றோம்.

"நான்கு வருஷம் தூணில் கட்டிப் போட்டது பொய்யில்லையே? தம்பிமார் இல்லாவிட்டால் சங்கிலி கனம் குறைந்துவிடுமா?" என்றாள் அவள். "பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். இப்போது நடங்கள், மழை வரும்போல் இருக்கிறது."

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போனிவாரை விடுவித்த பெர்ன்காரர்கள் கோட்டையை இடித்துவிடவில்லை. தாங்களே எஜமானர்களாக உட்கார்ந்து, சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தப்பட்ட ஏழை எளியவர்களை அதே கோட்டையில் அடைத்து வைத்தார்கள். இதைப் பாட ஒரு பைரன் வரவில்லை.

தூறலிலேயே வில்நேவுக்கு நடந்தோம். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று வழியில் நாம் கேட்டது நிஜம். ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஊரோரம் வில்லா ஓல்கா என்று ஒரு வீடு. பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்து 1922 முதல் பதினைந்து வருஷம் வில்நேவில் குடியிருந்தார். காந்திஜியை நேரில் காணாமலே அவருடைய சரித்திரத்தை எழுதி ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தாம். பிறர் வீட்டு வாசலில் நின்று மணியை அடிக்க எங்களுக்குத் துணிவில்லை. ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் 2019-ல் திறந்து வைத்த மகாத்மாவின் சிலையை வணங்கிவிட்டு, ஏரியைப் பார்த்த ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தோம். மற்றதையெல்லாம் அவள்தான் சொன்னாள். மீராபென்னின் சுயசரிதையை அவள் எத்தனை முறை படித்திருக்கிறாள் என்பது நமக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகள் மாடலின் ஸ்லேட். பீதோவனுடைய சங்கீதத்தில் பித்துக்கொண்டவள். பீதோவனைப் பற்றி எழுதியவர் என்பதற்காகவே 1923-ல் ரோலந்தைத் தேடிக்கொண்டு இவ்வூருக்கு வந்தாள். அவரோ காந்திஜியைப் பற்றிச் சொன்னார். புஸ்தகத்தைப் படித்தாள், நூற்கக் கற்றாள், மாமிசத்தை விட்டாள், தரையில் உட்காரப் பழகினாள், 1925-ல் ஸபர்மதியில் போய் நின்றாள். அவள்தான் மீராபென்.

வட்டமேஜை மகாநாடு பயனற்று முடிந்தபின், 1931 டிசம்பர் 6-ந் தேதி மாலை காந்திஜி மீராபென் முதலியவர்களுடன் வில்நேவ் வந்து, 11-ந் தேதி வரை தங்கினார். ரோலந்துக்கு ஆங்கிலம் பேச வராது. மகாத்மாவுக்குப் பிரெஞ்சு வராது. ரோலந்தின் தங்கை நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். மறுநாள் திங்கட்கிழமை, மௌன தினம். ரோலந்து பேசப் பேச, காந்திஜி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களின் வேடிக்கைகளை ரோலந்து ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். "இந்தியாவின் அரசருக்கு" நாங்களே பால் கொடுக்கிறோம் என்று ஏரிக்கரைப் பால்காரர் சங்கத்தார் டெலிபோன் செய்தார்களாம். இத்தாலிய அம்மாள் ஒருத்தி, லாட்டரியில் பரிசு விழப்போகிற எண்களைத் தெரிவிக்கும்படி மகாத்மாவுக்கு எழுதினாளாம்!

கடைசி நாள் இரவு, பிரார்த்தனை முடிந்ததும், பீதோவனை வாசிக்க வேண்டும் என்று காந்திஜி கேட்டார். மேல்நாட்டுச் சங்கீதத்தில் அவருக்குப் பழக்கமில்லை. மீராவை ரோலந்திடமும், அவர் வழியாகத் தம்மிடமும் கொண்டுவந்து சேர்த்தது அந்தச் சங்கீதம் என்பது மட்டும் தெரியும். அதற்காகக் கேட்டார். மார்ச்சளியால் அவதிப்பட்டிருந்த ரோலந்து பியானோவின் முன் உட்கார்ந்து, ஐந்தாவது ஸிம்பனியின் இரண்டாம் பகுதியை வாசித்தார். அதன் பின் ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1932 ஜனவரி 4-ந் தேதி பம்பாயில் காந்திஜி கைதாகி எரவாடா சிறைக்குப் போனார். மீராபென்னும் அவ்வருஷமே சிறை சென்றார்.

"பிற்காலத்தில் மீராபென் எங்கே போனார் தெரியுமா?" என்றாள் இல்லாள். நமக்குத் தெரியாது. 1959-ல் இந்தியாவை விட்டு வியன்னாவுக்குப் பக்கத்தில், பீதோவன் உலாவிய காட்டுப்புறத்தில் குடியேறி, 1982-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தாராம்.

வில்நேவ் ஸ்டேஷனுக்கு வந்தபோது ரயிலுக்குச் சில நிமிஷங்கள் இருந்தன. அவள் கைபேசியில் அந்த இரண்டாம் பகுதியைத் தேடி எடுத்தாள். கர்நாடக சங்கீதத்திலேயே ராகம் கண்டுபிடிக்கத் திணறுகிற இரண்டு காதுகளும், இருமலோடு ஒருவர் வாசிக்க, இன்னொருவர் போர்வையோடு தரையில் உட்கார்ந்து கேட்டதை நினைத்துக்கொண்டு, கவனமாகவே கேட்டன. பாதியில் ரயில் வந்துவிட்டது. மீதியை ஷில்லான் கோட்டை ஜன்னலில் தெரிந்து மறைகிற சமயத்தில் கேட்டோம்.