மெக்கானிக் வேலைக்குப் போனால் என்ன?



பத்தாவது முடித்த பையன் "மோட்டார் மெக்கானிக் படிக்கிறேன்" என்றால் வீட்டில் அழுகை வருகிறது. "நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் நம் உறவிலேயே ஒரு வீட்டில் இப்போது இதே பேச்சு. அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நல்ல தொழில்தான். ஆனால் முறையாகப் படித்துவிட்டுப் போக வேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு 2 வருடம். முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2-ம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பிலிருந்து படித்த பையனுக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

பட்டறையில் நின்று பழகிய கை மட்டும் இனிப் போதாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின், பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபியூல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. கோளாறைக் கருவி மாட்டித்தான் பார்க்கிறார்கள். மின்சார வண்டியிலோ இன்ஜினே கிடையாது. நான் வகுப்பில் நடத்திய மின்னோட்டமும் மின்தடையும் அங்கேதான் சோறு போடும்.

கஷ்டமும் உண்டு. ஆரம்பத்தில் சம்பளம் குறைவு. நாளெல்லாம் குனிந்து வேலை செய்தால் இடுப்பு வலிக்கும். ஆனால் சொந்தக் கடை போட்டு, கணக்கு எழுதி, சொன்ன நேரத்துக்கு வண்டியைக் கொடுப்பவனைத் திருச்சியில் ஜனங்கள் தேடிப் போகிறார்கள்.

மார்க் குறைந்ததற்குத் தண்டனையாக யாரையும் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். ஆசைப்பட்டுக் கேட்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

இந்தத் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பெற்றோர்கள் படிக்கட்டும்.