ஸ்கூலுக்கு மட்டமா, மைக்ரேனா? குழந்தைகளின் தலைவலியைக் கண்டுகொள்வது எப்படி?

6 முதல் 17 வயது வரை, குறைந்தது 45 கிலோ எடையுள்ளவர்களுக்கு மைக்ரேனைத் தடுக்க ஃப்ரெமனெசுமாப் ஊசியைப் பயன்படுத்த, அமெரிக்காவின் எஃப்டிஏ 2025 ஆகஸ்டில் அனுமதி தந்தது. மருந்து வந்தாச்சு. ஆனால், 'திங்கட்கிழமை ஆனா போதும், இவனுக்குத் தலை வலிக்கும்' என்று சொல்கிற வீட்டில், பிள்ளை டாக்டரிடமே போய்ச் சேராது. காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டிவிடும். தலைவலியை?

ஏன் சந்தேகம் வருகிறது?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒருபக்கம் வலிக்கும். குழந்தைகளுக்கு நெற்றியின் இருபக்கமும் வலிக்கலாம். 2 மணி நேரத்திலேயே விட்டும் போகலாம். வாந்தி எடுத்து, இருட்டறையில் படுத்துத் தூங்கிய பிள்ளை, சாயங்காலம் விளையாடக் கிளம்பும். 'அப்போ காலையில நடிச்சியா?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

பாதிப்பு எவ்வளவு?

சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மைக்ரேன் உள்ள குழந்தைகளின் வாழ்க்கைத் தரம், மூட்டுவாதமோ புற்றுநோயோ உள்ள குழந்தைகளுடையதைப் போலவே குறைந்திருந்தது.

எப்படி அளப்பது?

'பெட்மிடாஸ்' என்றொரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. 6 கேள்விகள்தான். கடந்த 3 மாதங்களில் எத்தனை நாள் ஸ்கூல் போகவில்லை, எத்தனை நாள் பாதியில் திரும்பியது, வகுப்பில் இருந்தும் பாதிகூடக் கவனிக்க முடியாத நாட்கள், வீட்டுப்பாடம், விளையாட்டு என எல்லாம் கணக்கில் வரும். கூட்டினால் 50-க்கு மேல் என்றால் பாதிப்பு தீவிரம். வருகைப் பதிவேட்டில் 'ஆஜர்' என்றிருக்கும் நாளும் பறிபோன நாளாக இருக்கலாம் என்பதுதான் இதில் முக்கியம்.

மாத்திரை மட்டும் போதுமா?

10 முதல் 17 வயதுள்ள 135 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே மாத்திரை. அதோடு, வலியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் சிபிடி என்ற உளவியல் பயிற்சியும் பெற்றவர்களில் 66% பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தன. தலைவலி பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களில் அது 36%.

வீட்டில் என்ன செய்யலாம்?

காலண்டரில் தலைவலி வந்த நாள், தவறிய வகுப்பு, போட்ட மாத்திரை மூன்றையும் குறியுங்கள். வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ போட்டால், அதுவே தலைவலியைக் கூட்டலாம். திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வைக் கோளாறு என்றால் காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவமனை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பிள்ளை சொல்லும்போதே நம்பினால், சிகிச்சையும் சீக்கிரம் தொடங்கும்.