ஆறாத புள்ளியும் ஒரு நாள் பேரும்

வத்தேகம, பன்வில, மடுல்கலைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்களின் கன்னத்தில் கருமை படர்ந்திருப்பது புதிதல்ல. "வெயில் சுட்டது" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியே. நமது தோலின் கருநிறம் வெயிலுக்கு நல்ல காவல். வெள்ளையர்களுக்கு வருவதுபோல் வெயிலால் தோல் புற்றுநோய் நமக்கு வருவது குறைவு. (நிறமில்லாமல் பிறந்தவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களை வெயில் மலைக்கு அனுப்பவே கூடாது.) ஆகவே கன்னத்து மங்குக்குப் பயந்து வெள்ளையாக்கும் கிறீம் வாங்கிப் பூச வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது.

குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண், தொட்டால் இரத்தம் கசியும் புள்ளி, கீழுதட்டில் தடித்து உரியும் இடம், வருடக்கணக்காகச் சும்மா இருந்துவிட்டுப் புண்ணாகும் பழைய தீக்காயத் தழும்பு: இவற்றைக் காட்டியே ஆக வேண்டும். கறுத்த தோலில் வரும் கொடிய வகையோ, பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் கருமையாகத் தொடங்குகிறது. ஜமேக்காப் பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் இருந்ததை முதலில் பந்தடிக் காயம் என்றே எண்ணினார்கள். 1977இல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். கல்லும் முள்ளும் அட்டையும் பட்ட நம் கால்களை யார் பார்க்கிறார்கள்?

கிள்ளினாலும் உணர்ச்சி தெரியாத வெளிறிய தேமல் வேறு கதை. அது தொழுநோயாக இருக்கலாம். 1983 முதல் இந்நாட்டில் தரப்படும் கூட்டு மருந்தில் அது குணமாகும். மறைக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்பு, சேங்கொட்டை வைத்துச் சுடுவது மேலே கருக்கி, உள்ளே இருப்பதை மறைத்துவிடும். "கத்தி பட்டால் பரவும்" என்பதும் தவறு. சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று உறுதியாகத் தெரியும். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். தோட்ட டிஸ்பென்சரியில் இரண்டாம் முறையும் அதே பூச்சு மருந்தைத் தந்தால், கடிதம் கேளுங்கள். வத்தேகம வைத்தியசாலைக்கு நேரே போனாலும் சரி. அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். காசு கேட்கமாட்டார்கள்.

காசு போவது வேறு வழியில். காட்ட ஒரு நாள், துணுக்கு எடுக்க ஒரு நாள், ரிப்போட்டுக்கு ஒரு நாள். மூன்று பேர் போகிறது. 2024 செப்டம்பர் வர்த்தமானியின் 1,350 ரூபாய்ப்படி பார்த்தால் 4,050 ரூபாய், பஸ் காசு தனி. நம் அக்காமார் புண்ணை மறைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போவது அறியாமையால் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

கிளினிக் புத்தகத்தைக் காட்டுகிறவருக்கு அன்றைய பேர் போட வேண்டும். கன்னத்தையும் உதட்டையும் மறைக்கும் விளிம்புத் தொப்பியைத் தோட்டமே தர வேண்டும். நிர்வாகங்களிடம் நாம் வைக்கும் கோரிக்கை இது. கிளினிக் போனதால் பேர் இழந்தவர்களின் விபரத்தை, நாள் குறித்து, தோட்டத் தலைவர்மார் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வரவும்.