கயிற்றைக் கட்டியது யார்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் காலை ஆறு மணிக்கு வாக்கிங் போயிருக்கிறீர்களா? அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம். சர்வீஸ் முடித்த பெரியவர்கள் பலர் முட்டி வலியோடுதான் நடப்பார்கள். அப்படி ஒருவரைப் பார்த்து, பின்னால் வந்த இரண்டு பையன்கள் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார்கள். "தாத்தா வாடில் பண்றாருடா." "இல்லடா, அது ஹாபிள்!" பெரியவருக்குக் கால்தான் தகராறு, காது நன்றாகவே கேட்கும்.

சரி, வகுப்பை நாமே முடித்துவிடலாம். 'வாடில்' என்றால் வாத்து நடை. உடம்பு இரண்டு பக்கமும் ஆடும். குழந்தைக்குச் சொன்னால் கொஞ்சல், பெரியவருக்குச் சொன்னால் கேலி. 'ஹாபிள்' என்றால் வலியோடு கெந்திக் கெந்தி நடப்பது. இரண்டாவது பையனுக்கு மார்க் போடலாம். ஆனால் அவன் அகராதியில் அடுத்த வரியைப் படிக்கவில்லை. குதிரை ஓடிவிடாமல் அதன் கால்களைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அதே சொல்தான். கட்டுகிற கயிற்றுக்கும் அதே பெயர். நம் தமிழில் தளை.

ஆக, ஒருவர் தடுமாறினால் குற்றம் காலில்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கயிறு எங்கே என்று தேடுங்கள்.

பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரம். அது கயிறு. ஆபீஸ் வாசலில் ஐந்து படி, பிடித்துக்கொள்ள கம்பி இல்லை. அதுவும் கயிறு. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களை எல்லாரும் புழங்கும்படி மாற்ற ஐந்து வருஷம் கெடு கொடுத்தது. விதிகள் வந்தது 2017-ல். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

"இதெல்லாம் நடக்கிற காரியமா சார்?" என்பீர்கள். பதில் நெய்வேலியிலேயே இருக்கிறது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரத்தைப் பாருங்கள். நிமிஷத்துக்குச் சில மீட்டர்தான் நகரும். மேடு பள்ளம் ஆகாது. யாராவது கேலி பண்ணுகிறார்களா? அது போகிற பாதையை முன்கூட்டியே சமப்படுத்தி வைக்கிறார்கள். இரும்புக்குத் தருகிற மரியாதையை எலும்புக்கும் தரக்கூடாதா?

இனிமேல் யாராவது கெந்தி நடந்தால், அதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று யோசிக்க வேண்டாம். எந்தப் படியில் தயங்கி நிற்கிறார் என்று பாருங்கள். அது உங்கள் கடை வாசல் படியாக இருந்தால், முதலில் ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்கள்.