ஹெரால்டுக்கு ரோல் பார் பொருத்தினால் குற்றமா?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலை 15 அன்று அறிவிக்கப்பட்ட 81ஏ முதல் 81ஜி வரையிலான விண்டேஜ் வண்டிப் பகுதி பட்டறைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஐம்பது வயதைத் தாண்டிய காருக்கு ‘விஏ’ எண் பலகை, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். சிக்கல் வரையறையில் இருக்கிறது. வண்டி முதல் வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் எதிலும் மாற்றம் கூடாது. அப்படியானால் கூரை இல்லாத பழைய காருக்கு ரோல் பார் பொருத்துவது எந்தக் கணக்கில் சேரும்? விதி வாய் திறக்கவில்லை.

இதழின் நிலை இது: சேஸிஸை அறுக்காமல், போல்ட்டில் நிற்கிற, கழற்றினால் வண்டி பழையபடி ஆகிற ரோல் பாரை மாற்றமாகக் கருதக் கூடாது. வெல்டிங் வைத்து நிரந்தரமாகப் பிணைத்ததை மாற்றம் என்று அலுவலர் சொன்னால் அதை மறுக்க முடியாது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளலாம். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த கார் அது. தனி சேஸிஸ் மீது பாடித் துண்டுகளைப் போல்ட்டால் பூட்டிய அமைப்பு என்பதால் கூரையைக் கழற்றித் திறந்த காராக்குவது எளிது. பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வளைவில் வேகமாகத் திருப்பும்போது வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கிப் பின்பாகத்தை மேலே தூக்கும். கவிழ வாய்ப்புள்ள வண்டி. கவிழ்ந்தால் தலைக்கு மேல் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆண்டுக்கு இரண்டு ராலிதானே என்று சொல்பவர்கள், அந்த ராலிக்குப் போகும் வழி மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் நான்குவழிச் சாலை என்பதை மறக்கக் கூடாது.

அதே மாவட்டத்துப் பேரையூரில் ஒரு பட்டறைக்கு அப்படியொரு கார் வந்தால், பைப்பை நசுங்காமல் வளைக்கும் மாண்ட்ரல் பென்டர் இருக்காது. அதனால் கை பழைய இரும்புக்குப் போகும். சென்னை புதுப்பேட்டையில் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய பாரோ, ராலி ஓடி ஓய்ந்த ஜிப்ஸியின் கூண்டோ கிடைக்கும். அகலத்தைப் பார்த்தால் ஜிப்ஸிக்கும் (1,540 மி.மீ.) ஹெரால்டுக்கும் (ஏறத்தாழ 1,525) பெரிய வித்தியாசமில்லை. 2020க்குப் பிந்தைய மஹிந்திரா தாரின் அகலமோ 1,820. அதன் வளைவை நடுவில் அறுத்துக் குறுக்கி, உள்ளே ஸ்லீவ் கூட வைக்காமல் ஒட்டுவது பெரும் தவறு. அடி அதிகம் வாங்கும் இடத்திலேயே பலவீனத்தைக் கொண்டுபோய் வைப்பதாகும் அது.

பழைய பாரை வாங்குமுன் அது கவிழ்ந்த வண்டியுடையதா என்று விசாரித்தே ஆக வேண்டும். ஒருமுறை வளைந்த இரும்பை நிமிர்த்திப் பூட்டினால் அடுத்த அடியை அது தாங்காது. சுவர்க்கனம் தெரியச் சிறு துளை போட்டு அளக்க வேண்டும். எஃப்ஐஏ பந்தய விதியின் கூண்டுப் பிரிவில், முதன்மை வளைவுக்குக் குறைந்தது 45 மி.மீ. விட்டமும் 2.5 கனமும், அல்லது 50க்கு 2.0, தையலற்ற கார்பன் ஸ்டீல். ஒவ்வொரு காலுக்கும் மூன்று எம்8 போல்ட், 8.8 தரம். கீழே 3 மி.மீ. கனத்தில் 120 சதுர செ.மீ. பரப்புள்ள தகடு. சாலைக் காருக்கு இது கட்டாயமில்லை என்றாலும், கையில் இருக்கும் நல்ல அளவுகோல் இதுதான். ஹெரால்டின் தரைத்தகட்டில் மட்டும் காலை ஊன்றினால் கவிழும்போது கால் தகட்டைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும். சுமை அவுட்ரிகர் வழியாகச் சேஸிஸுக்குப் போக வேண்டும். ஓட்டுநர் ஹெல்மெட் போடப் போவதில்லை, ஆகவே தலை படும் இடமெல்லாம் கெட்டியான பேடிங் வேண்டும். சீட் பெல்ட் இல்லாமல் ரோல் பார் மாட்டிப் பயனில்லை.

இத்தனையும் செய்து முடித்த பட்டறைக்குக் கிடைப்பது என்ன? 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்து வழக்கில், தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குப் பொருள் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விண்டேஜ் மறுபதிவுக்கும் அதே 5,000தான்.

2017 டிசம்பரில் முன்பக்க கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரியைக் கொல்லும் அந்த அலங்காரக் கம்பியைத் தடுத்தது சரி. ஆனால் சாலையில் நிறுத்திக் கேட்கும் அலுவலருக்கு முன்னால் நிற்கும் கம்பியும் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் கம்பியும் ஒன்றாகவே தெரிகின்றன. தாரில் கம்பெனி பூட்டிய கூண்டுக்குப் பாதுகாப்பு அம்சம் என்று பெயர். அதே கனத்தில், அதே போல்ட்டில், கைதேர்ந்த வெல்டர் பூட்டினால் சட்டவிரோத மாற்றம். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயப் பரிசோதகர் தட்டிப் பார்த்து ஏற்கும் பூட்டு, வாயிலைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும் மதிப்பிழக்கிறது. தேர்தல் காலத்தில் கூரையை அறுத்து மேடை போட்ட பிரசார வேன்கள் ஊர் ஊராகப் போவதை எத்தனை சோதனைச் சாவடிகள் நிறுத்தியிருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை.

சோதனைக்குத் தயார் என்றாலும் எங்கே போவது? முறையான வசதியுள்ள அரசு ஆய்வு மையம் ஒரகடத்தில் இருக்கிறது. பேரையூரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். பெரிய கம்பெனிகளின் வகை ஒப்புதலுக்காகக் கட்டப்பட்ட இடத்தில், ஒற்றைக் காரோடு வரும் டிங்கருக்கு என்ன பதில் கிடைக்கும்? தென் மாவட்டங்களின் வெல்டர்களுக்குச் சான்றளிக்க அருகில் ஏற்பாடு வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய கோரிக்கை. அது கிடைக்காததால் நல்ல வேலை மறைந்து நடக்கிறது. ஜிஐ பைப்பை வளைத்துக் குரோம் பூசி மாட்டும் வேலையோ பகலிலேயே நடக்கிறது.

ஹெரால்டின் தாய்நாடான பிரிட்டன், 2018இல் நாற்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை விலக்கு தந்தபோது, எது பெரிய மாற்றம் என்று எழுதி வைத்தது. ஆக்சில், ஓட்டப் பாகங்களில் பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் அதில் சேராது என்றும் சொன்னது. அப்படி ஒரு பட்டியல்தான் இங்கேயும் தேவை.

விதிப்படி விண்டேஜ் வண்டிகளைப் பார்க்கும் மாநிலக் குழு, கழற்றக்கூடிய ரோல் பாருக்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும்: பைப் அளவு, தகடு, போல்ட், பேடிங், பெல்ட். மதுரையிலேயே ஓர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தின் வெல்டிங் சான்றை அதற்கு ஏற்க வேண்டும். அதுவரை வாசகர்கள் செய்ய வேண்டியவை இரண்டு. பூட்டுகிற ஒவ்வொரு பாருக்கும் அளவும் படமும் எழுதி வாடிக்கையாளரிடம் ஒரு பிரதி கொடுங்கள். ஜிஐ பைப்போடு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.