பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்காம்!

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். முப்பது மாடிக்கு மேல்! கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை, பன்னீர் மணம். அறைக்கு ஓர் இரவு வாடகை, பெரியகுளத்து மாந்தோப்பில் இரவெல்லாம் விழித்துக் காவல் காப்பவர் ஒரு மாதத்தில் ஈட்டாத தொகை. மும்பை மாநகரில், அத்தகைய விண்முட்டும் விடுதி ஒன்றில் இரண்டு இரவு தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஆசிரியர் கருத்தரங்கு, அழைத்தவர் செலவு. நமது சம்பளத்தில் அங்கே காபி குடிப்பதற்கே கடன் வாங்க வேண்டும்!

ஆடம்பரத்தைப் பற்றி எழுதப் புகவில்லை நாம். மின்தூக்கியில் ஏறினோம், பொத்தான்களைப் பார்த்தோம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு... அடுத்தது பதினான்கு! பதின்மூன்றைக் காணோம். களவு போயிற்றா? கரைந்து போயிற்றா? உடன் வந்த பணியாளர் தாராவித் தமிழர், பட்டம் பெற்ற இளைஞர். கேட்டோம். "விருந்தினர்களுக்குப் பிடிக்காது சார், ராசியில்லாத எண்ணாம்" என்றார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. எண்ணை ஒளித்தவர் அவரல்லர்.

நமக்குக் கொடுத்த அறை பதினான்காம் மாடியில். தரைத்தளத்துக்கு மேலே முறையாக எண்ணிப் பாருங்கள். அதுவே பதின்மூன்றாம் மாடி! சிமெண்டும் இரும்பும் பெயர் மாற்றத்தை அறியுமா? பன்னிரண்டாம் மாடியின் கூரைமேல் நிற்பது எதுவோ அது பதின்மூன்றுதான். அதில் படுத்தோம், உறங்கினோம், விடியலில் எழுந்தோம்.

வகுப்பறையில் ஒரு சிறுவன் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்கு என்று எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். அதே தவற்றைப் பித்தளையில் பொறித்துப் பளபளக்கத் துடைத்து வைத்தால், அதற்குப் பெயர் ஐந்து நட்சத்திரமாம்!

நகரத்தார் நம் ஊராரைக் கண்டு நகைப்பதுண்டு. வராக நதிக்கரையில் எதிரெதிரே நிற்கும் மருத மரங்களை ஆண் என்றும் பெண் என்றும் அழைத்து, அங்கே நீராடினால் காசியில் நீராடிய பலன் என்று நம்புகிறார்களே, பட்டிக்காட்டார் என்று பழிப்பர். அந்த நம்பிக்கையை நாமும் மறுத்தே பேசி வருகிறோம். ஆனால், ஆற்றில் மூழ்கி எழும் அந்த மூதாட்டிக்குப் பள்ளிக்கூடத்தின் படியை எவர் காட்டினார்? பொறியியல் படித்து, வெளிநாடு சென்று, முப்பது மாடியை மில்லிமீட்டர் பிசகாமல் கட்டி முடித்துவிட்டு, ஓர் எண்ணைக் கண்டு ஒதுங்குகிறானே, அவனுக்கு என்ன குறை? கல்வியா? காசா?

மின்தூக்கியின் கதையைக் கேளுங்கள். 1854ஆம் ஆண்டு, நியூயார்க் நகரக் கண்காட்சி. எலிஷா ஓட்டிஸ் என்பார் உயரே தொங்கும் மேடையில் நின்றார். தாங்கி நின்ற கயிற்றை வெட்டச் சொன்னார். வெட்டினர். கூட்டம் அலறிற்று. மேடை விழவில்லை! அவர் அமைத்த தடைக்கருவி அதைப் பற்றிக்கொண்டது. அந்தத் துணிவு பிறந்ததால் அன்றோ மாடிமேல் மாடி எழுந்தது! அதற்கு முன், படியேற அலுத்த செல்வர் கீழ்மாடியையே நாடினர். கயிறு அறுந்தாலும் காப்பாற்றும் அறிவியலின் மடியில் நின்றுகொண்டு, ஒன்றையும் மூன்றையும் சேர்த்து எழுதினால் ஆபத்து என்று நடுங்குகிறான் நாகரிக மனிதன். என்னே விந்தை!

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? ஏசுவின் இறுதி விருந்தில் பதின்மூவர் அமர்ந்தனர் என்பர். வடபுலத்து நார்ஸ் கதையில் பதின்மூன்றாவதாக நுழைந்த லோகி கேடு செய்தான் என்பர். இரண்டும் நம் மண்ணில் முளைத்தவை அல்ல. நம்மவர் வகுத்த அபத்தமோ வேறு: எட்டாம் எண், அட்டமி, நவமி! பதின்மூன்றாம் திதிக்குத் திரயோதசி என்று பெயர். அன்றுதான் பிரதோஷம்; பக்தர்க்கு அது புனித நாள். மாலையில் பதின்மூன்றாம் திதியைத் தொழுதுவிட்டு, இரவில் பதின்மூன்றாம் மாடிக்கு அஞ்சுவோரை எந்த மருத்துவரிடம் அனுப்புவது? உள்ளூர்ச் சரக்கு போதாதென்று கப்பலேற்றி இறக்குமதி செய்திருக்கிறோம், தோழர்களே!

ஏற்றுமதி செய்த ஊரின் இலட்சணத்தையும் பார்த்துவிடுவோம். இலண்டனில் சவாய் என்றொரு புகழ்பெற்ற ஓட்டல், 1889இல் திறந்தது. 1898இல் உல்ப் ஜோயல் என்னும் செல்வர் அங்கே விருந்து வைத்தார். பதினால்வர் வரவேண்டும், ஒருவர் வரவில்லை, பதின்மூவர் உண்டனர். முதலில் எழுபவர் சாவார் என்றார் ஒருவர். ஜோயல் நகைத்துவிட்டு முதலில் எழுந்தார். சில வாரங்களில் ஜோகன்னஸ்பர்க்கில், பணம் கேட்டு மிரட்டிய ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது துப்பாக்கி, பழியோ எண்ணுக்கு! அதன்பின், பதின்மூவர் விருந்துக்கு வந்தால் ஓட்டல் ஊழியர் ஒருவரைப் பதினான்காவதாக உட்கார வைத்தனர். வந்தவர்க்கு அது பிடிக்கவில்லை. எனவே 1920களில் மரத்தால் ஒரு பூனையைச் செதுக்கினர். காஸ்பர் என்று பெயர். நாற்காலியில் அமர்த்தி, கழுத்தில் துண்டு கட்டி, ஒவ்வொரு பதார்த்தத்தையும் அதன் முன்னே பரிமாறினர்! பூனையின் நிறம் என்ன தெரியுமா? கறுப்பு! நம் தெருவில் குறுக்கே ஓடினால் சகுனத்தடை. இலண்டன் ஓட்டலில் உட்கார்ந்தால் சகுன நிவர்த்தி. அந்தப் பூனையாவது வாய்திறந்து சிரிக்கலாகாதா!

கிழக்கே போனாலும் இதே கூத்து. சீன மொழியில் நான்கு என்னும் சொல்லும் சாவு என்னும் சொல்லும் ஒலியால் நெருங்கியவை. ஆகவே நான்கு, பதினான்கு, இருபத்து நான்கு எல்லாம் மாடிகளிலிருந்து நாடு கடத்தப்பட்டன. ஹாங்காங்கில் 2009இல் பேசப்பட்ட ஒரு குடியிருப்பில் 68க்கு அடுத்த மாடி 88!

நம் நாட்டு அரசாங்கமும் தப்பவில்லை. சண்டிகர் நகரை 1950களில் பிரித்தமைத்தபோது 13ஆம் பகுதியே இல்லாமல் செய்தனர். 2020இல்தான் மணிமஜ்ராவுக்கு அந்த எண் வந்தது. கேரள உயர்நீதிமன்றத்தில் 13ஆம் எண் அறை இல்லாதிருந்தது. ஏன் என்று வழக்குத் தொடுத்தவருக்கு அபராதம் விதித்தனர். 2006இல் உச்சநீதிமன்றம் தலையிட்டு அதனை நீக்கியது. அதே கேரளத்தில், அமைச்சர்கள் ஒதுக்கிய 13ஆம் எண் காரை 2006இல் எம்.ஏ. பேபியும், 2016இல் தாமஸ் ஐசக்கும் வேண்டிப் பெற்றனர். இருவரும் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை முழுமையாக முடித்தனர். பேபி 2025இல் தம் கட்சிக்குப் பொதுச்செயலாளரும் ஆனார்.

"வாடிக்கையாளர் விருப்பம், வியாபாரம், இதில் கொள்கைக்கு என்ன வேலை?" என்று கேட்பர் விடுதி முதலாளிகள். இந்த வாதம் நமக்குப் புதிதன்று. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணாளுக்குத் தனியிடம், இதராளுக்குத் தனியிடம் என்றிருந்தபோதும், வருவோர் மனம் கோணலாகாது என்றே சமாதானம் சொன்னார்கள். 1941இல் அது ஒழிந்தது, கிளர்ச்சி ஒழித்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகைப் போராட்டத்திலும் இதே பல்லவிதான். வருவோர் விருப்பமே வேதம் என்றால், கடை, உணவகம், விடுதிகளில் சாதி மத வேறுபாடு கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு எதற்கு? எண்ணை ஒளிப்பதும் மனிதனை ஒதுக்குவதும் ஒரே அளவுக் கொடுமை என்று நாம் கூறவில்லை. சாக்கு ஒன்றே என்கிறோம்.

உயிர்ப் பிரச்சினையும் உண்டு. 1971 டிசம்பர் 25 அன்று சியோல் நகரில், இருபது மாடிக்கு மேற்பட்ட ஓர் ஓட்டலில் தீப்பிடித்து 160க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது எண்ணால் நேர்ந்ததன்று. ஆனால், அத்தகைய புகையிருளில் எந்த மாடியில் மனிதர் சிக்கினர் என்று வெளியே நின்று எண்ணும் தீயணைப்பு வீரன், கட்டடத்தின் பொய்க்கணக்கை எப்படி அறிவான்? இதை எண்ணித்தான் கனடா நாட்டு வான்கூவர் நகராட்சி, எந்த மாடியின் எண்ணையும் விடலாகாது என்று 2015இல் ஆணையிட்டது.

மும்பையை மராட்டியர் பார்த்துக்கொள்ளட்டும். நம் மாநிலத்தில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் இருக்கின்றன. 18.30 மீட்டருக்கு மேற்பட்டது உயர்மாடிக் கட்டடம் என்று அவை அளந்து சொல்கின்றன. அவற்றோடு ஒரு வரி சேர்க்கக் கோருகிறோம்: தரைத்தளம் முதல் உச்சி வரை மாடி எண் எதுவும் விடுபடாமல் வரிசையாக இருத்தல் வேண்டும். இதனை வீட்டுவசதித் துறைக்கு எழுதி, பெரியகுளம் அஞ்சலகத்தில் சேர்த்துவிட்டோம். தோழர்கள் தத்தம் ஊரிலிருந்து எழுதுக.